அலங்காரமா, அபாயமா?

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது பழமொழி. கம்ப்யூட்டர் திரைக்கும் இது பொருந்தும்.

மௌஸைத் தொடாமல், கட்டளைகளை எழுத்தாகத் தட்டியே வேலை வாங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் உபயோகிக்கும் திரைக்கு டெர்மினல் என்று பெயர். 1978-ல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் வெளியிட்ட வி.டி.100 யந்திரத்தின் வழக்கங்களையே இன்றைய டெர்மினல்களும் பெரும்பாலும் பின்பற்றுகின்றன.

கறுப்புத் திரையில் வெறும் எழுத்து யாருக்கு அலுக்காது? ஆகவே, கட்டளைக்கு முன்னால் நிற்கும் 'பிராம்ப்ட்' குறிக்குப் பச்சை, நீலம் என்று வர்ணம் பூசுகிறார்கள். அம்பு, கடிகாரம் எல்லாம் சேர்க்கிறார்கள். பலர், வேறொருவர் எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

தொல்லை அங்கேதான் ஆரம்பம். நீளமான கட்டளை அடுத்த வரிக்குப் போகாமல், தொடங்கிய வரியின் தலையிலேயே ஏறி உட்காருகிறது. பழைய கட்டளைகளைப் புரட்டினால், முந்தியதன் வால் அழியாமல் நிற்கிறது.

காரணம் கணக்குப் பிழைதான். வர்ணத்தை மாற்றும் குறிகள் திரையில் இடம் பிடிப்பதில்லை. ஆனால் கட்டளையை வாங்கும் 'பாஷ்' அவற்றையும் எழுத்தாக எண்ணிவிடுகிறது. பத்து எழுத்தை இருபது என்று நினைத்தால், வரி சரியான இடத்தில் மடியுமா? "இவற்றை எண்ணாதே" என்று சொல்லவே, பின்சாய்கோட்டுடன் கூடிய சதுர அடைப்புக்குறி ஒரு ஜோடி இருக்கிறது. அதைப் போட மறந்ததன் பலன்தான் இத்தனையும்.

"அழகு குறைந்தால் போகட்டும்" என்று இதை விட்டுவிடுவது தவறு. இங்கே கண்ணுக்குத் தெரிவது ஒன்று, யந்திரம் செய்யப்போவது வேறொன்று. அந்த நிலையில் கோப்பை அழிக்கும் 'ஆர்.எம்.' கட்டளையைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதற்குக் குப்பைக்கூடை கிடையாது. போனது போனதுதான்!

எல்லாப் பழியையும் உபயோகிப்பவர் தலையில் போடுவதும் நியாயமல்ல. டெர்மினல் திரை சதுரங்கப் பலகை போலக் கட்டங்களால் ஆனது. 'கொ' தமிழருக்கு ஓர் எழுத்து. யந்திரத்துக்கோ 'க' ஒன்று, ஒகரக் குறி ஒன்று. இதற்கு எத்தனை கட்டம் என்பதில் பாஷும் டெர்மினலும் மாறுபட்டால், தமிழ்ப் பெயருள்ள கோப்பும் இதே சங்கடத்தைத் தரும். இதைத் திருத்த வேண்டியவர்கள் டெர்மினலைத் தயாரிப்பவர்களே.

மற்றதற்குப் பரிகாரம் எளிது. பிராம்ப்டை வெறும் டாலர் குறியாக மாற்றிப் பார்க்க வேண்டும். கோளாறு மறைந்தால் குற்றவாளி அலங்காரமே. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தால் எது என்று பிடிபட்டுவிடும். படத்துக்குப் பதில் வெற்றுப் பெட்டி தெரிந்தால், அந்தப் படம் எழுத்துருவில் இல்லை என்று பொருள். திரை முழுதும் கிறுக்கலானால் 'ரீசெட்' கட்டளை போதும்.

அலங்காரம் கூடாது என்பதில்லை. ஒட்டுவதற்கு முன், ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். அதற்குச் செலவாவது சில நிமிஷம். அழிந்த கோப்பைத் தேடி அலைவதற்கு ஒரு நாளும் போதாது.