ஓடிய காருக்கே என் ஓட்டு



அட்டையில் நிற்கும் வெள்ளிச் சாம்பல் நிறக் காரைப் பார்த்ததும் 'இது பழைய எம்3 தானே?' என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். பழைய எம்3 தான். ஆனால் 2003-ஆம் ஆண்டில் 1,383 கார்களோடு தயாரிப்பை நிறுத்திக்கொண்ட பிஎம்டபிள்யூ எம்3 சிஎஸ்எல். இருபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. இன்றும் பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ இந்தக் காரை வைத்திருக்கும் நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்தால் மூன்று வழக்குகள் ஆரம்பமாகிவிடும். சாதாரண எம்3-ஐவிட இவ்வளவு அதிக விலை இதற்குத் தகுமா? இதன் கியர்பாக்ஸை வந்தபடியே வைத்துக்கொள்வதா, மாற்றிவிடுவதா? இதை ஓட்டுவதா, உறை போட்டு நிறுத்தி வைப்பதா?

பழைய கார் பேச்சு பெரும்பாலும் விலையில் தொடங்கி விலையிலேயே முடியும். இவர்கள் பேச்சு வேறு மாதிரி. எந்தத் தகடு எத்தனை மெலிசு, எந்த பேரிங் எப்போது மாற்றியது, மழையில் எந்த டயர் கைவிடும் என்று அது நீண்டுகொண்டே போகும். எதிர்க்கட்சிக்காரரின் காரையும் குனிந்து, படுத்து, அடிவரை ரசித்துப் பார்த்துவிட்டுத்தான் சண்டைக்கு வருவார்கள். அந்த விவாதத்துக்கு இந்த இதழில் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறோம். நான் எந்தக் கட்சி என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் காரைப் பற்றி. ஈ46 என்று அழைக்கப்படும் அந்தத் தலைமுறை எம்3, உலகம் முழுக்கச் சுமார் 85,000 விற்றது. வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர், 3.2 லிட்டர், 343 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை சளைக்காத இன்ஜின். அதுவே அருமையான கார்தான். அதிலிருந்து என்னென்ன கழற்றலாம் என்று பிஎம்டபிள்யூவின் எம் பிரிவு இன்ஜினீயர்கள் உட்கார்ந்து யோசித்ததன் விளைவுதான் சிஎஸ்எல். மேற்கூரையை கார்பன் ஃபைபரில் செய்தார்கள். பின்கண்ணாடியை மெலிதாக்கினார்கள். இருக்கைகளைக் கண்ணாடியிழைக் கூடுகளாக மாற்றினார்கள். பக்கவாட்டு ஏர்பேக்குகளை எடுத்தார்கள். ஏசியும் ரேடியோவும் வேண்டுமென்று கேட்டு வாங்கியவர்களுக்கு மட்டும். டிக்கியின் தரையைத் தூக்கிப் பார்த்தால் அது தேன்கூட்டு அறைகளாக அடுக்கிய காகித அட்டை! ஸ்டியரிங்கில் இருந்த பொத்தான்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒன்றே ஒன்றை விட்டுவைத்தார்கள். ரேஸ் டிராக்கில் ஓட்டும்போது மின்னணுக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதற்கான பொத்தான் அது. எல்லாம் சேர்த்து 110 கிலோ குறைந்து, 1,385 கிலோவில் வந்து நின்றது கார்.

கூரையில் குறைந்தது 7 கிலோ அளவுதான். இதற்கா இத்தனை பாடு என்று கேட்கலாம். எத்தனை கிலோ என்பதோடு, அது எந்த இடத்தில் குறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். காரின் உச்சியில் இருக்கும் எடைதான் வளைவில் காரை அதிகமாகச் சாய்க்கிறது. அங்கே குறைத்தால் எடையின் மையமே கீழே இறங்குகிறது. ஓட்டுபவரின் இடுப்புக்கு அது உடனே தெரியும்.

இன்ஜினின் சக்தி 360 குதிரைத்திறன் ஆனது. கூடியது 17 மட்டும். ஆனால் காற்று உள்ளே போகும் பாதை அடியோடு மாறிவிட்டது. முன்பம்பரில் ஒரு பக்கத்தில் மட்டும் வட்டமாக ஒரு துளை இருக்கும். அழகுக்கு வைத்ததல்ல, கார்பன் ஃபைபர் காற்றுப்பெட்டிக்குப் போகும் வாசல். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து எழும் உறுமலைக் கேட்டவர்கள், கார் கைமாறிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இனி வழக்குகள். முதல் வழக்கு விலை. பிரிட்டனில் புதிதாக வந்தபோது விலை 58,455 பவுண்டு. சாதாரண எம்3-ஐவிடப் பல ஆயிரம் பவுண்டு அதிகம். அத்தனை பணத்தையும் கட்டிவிட்டு, பாதி ரேஸ் டயரான மிஷலின் கப் டயர்கள் ஈரச்சாலையில் பிடிமானம் குறைந்தவை என்பது தெரியும் என்று ஒரு தாளில் கையெழுத்தும் போட வேண்டியிருந்தது. பிறகு விலை அதில் பாதியளவுக்கு இறங்கிய காலமும் உண்டு. இன்று நல்ல நிலையில் உள்ள கார்கள் புது விலையைத் தாண்டி விற்கின்றன.

'தகாது' என்பவர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட சாதாரண எம்3-க்கு 5.2 விநாடி, சிஎஸ்எல்லுக்கு 4.9. இந்த 0.3 விநாடிக்கா இவ்வளவு பணம் என்கிறார்கள். 2005-இல் பிரிட்டனில் எம்3 சிஎஸ் என்று ஒரு கார் வந்தது. சிஎஸ்எல்லின் துரிதமான ஸ்டியரிங்கும் பெரிய முன்பிரேக்கும் அதிலும் உண்டு. கையால் கியர் போடும் வசதியும் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு மிச்சப் பணத்தில் ஆண்டுக்கணக்கில் பெட்ரோல் போடலாமே என்பது அவர்கள் கேள்வி.

மறுதரப்பு நூர்பர்க்ரிங்கைக் காட்டும். 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பழைய மலைப்பாதைச் சுற்றில், ஜெர்மானியப் பத்திரிகையான ஸ்போர்ட் ஆட்டோவின் சோதனையில் சாதாரண எம்3 எடுத்துக்கொண்ட நேரம் 8 நிமிடம் 22 விநாடி. ஹார்ஸ்ட் ஃபான் ஸௌர்மா ஓட்டிய சிஎஸ்எல் 7 நிமிடம் 50 விநாடியில் முடித்தது. அந்த வித்தியாசத்தில் டயருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் தீர்ப்பு இதுதான்: வளைவுகள் நிறைந்த சாலைக்கும் டிராக்குக்கும் அடிக்கடி எடுத்துப் போகிறவருக்கு அந்த அதிக விலை தகும். நெடுஞ்சாலையில் வாரம் ஒருமுறை நேராகப் போய் நேராகத் திரும்புகிறவருக்கு எம்3 சிஎஸ் தாராளமாகப் போதும். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இரண்டாம் வழக்கு கியர்பாக்ஸ். சிஎஸ்எல்லுக்கு எஸ்எம்ஜி ஒன்றுதான் கிடைத்தது. கிளட்ச் பெடல் கிடையாது. உள்ளே இருப்பது வழக்கமான ஆறு கியர் பெட்டியேதான். கிளட்சை அழுத்துவதையும் கியரைத் தள்ளுவதையும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஹைட்ராலிக் பம்பு செய்கிறது. நெரிசலில் தலையை முன்னும் பின்னும் ஆட்டிவிடும். இன்ஜின் 7,000 சுற்றுக்கு மேல் பாடும்போது 0.08 விநாடியில் கியர் விழும். பம்பு பழுதானால் செலவு பெரிது. பெட்டி அதே பெட்டி என்பதால் பெடல் பொருத்தி, கையால் போடும் கியராக மாற்றிவிட முடிகிறது. மாற்றியவர்கள் பலர். அவர்களைப் பாவம் செய்தவர்கள்போல நடத்தும் உரிமையாளர்களும் உண்டு.

நானாக இருந்தால் மாற்ற மாட்டேன். இந்தப் பெட்டியை மனதில் வைத்துத்தான் இந்தக் காரை வடித்தார்கள். கியர் விழும் நொடியில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்தப் பழகிவிட்டால் அந்தத் தலையாட்டல் பெருமளவு அடங்கிவிடும். ஆனால் பெடல் இருப்பதால் ஒருவர் காரை இரண்டு மடங்கு ஓட்டுகிறார் என்றால் அவர் செய்தது சரிதான். அவரிடம் எனக்கு இருப்பது ஒரே வேண்டுகோள். கழற்றிய பம்பு, வயர், கம்ப்யூட்டர் எதையும் விற்காதீர்கள். துடைத்து, பெட்டியில் போட்டு, பெயர் எழுதி, காரோடு சேர்த்தே அடுத்தவர் கையில் கொடுங்கள். திரும்ப மாற்றும் வழி அவருக்கும் திறந்திருக்கட்டும்.

மூன்றாம் வழக்குதான் என் மனசுக்கு நெருக்கமானது: ஓட்டுவதா, நிறுத்தி வைப்பதா? இங்கிலாந்தில் உரிமையாளர்கள் கூடிய ஓரிடத்தில் இரண்டு சிஎஸ்எல்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கப் பார்த்தேன். ஒன்று 15,000 மைல்கூட ஓடாதது. பெயின்டில் முகம் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்க எண் இருக்கும் இல்லையா, குனிந்து அதைப் படித்தேன். பட்டனெல்லாம் புதிது போல இருந்த அந்த டயர் பத்து வயதைத் தாண்டியிருந்தது. நகத்தால் அழுத்தினேன், ரப்பர் அசைந்து கொடுக்கவில்லை. ஒரு காரில் வயதாவது டயர் மட்டும் அல்ல. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புஷ்களும் சீல்களும் இறுகும். தேங்கிய பெட்ரோல் கெடும். மீட்டரில் இவை எதுவும் ஏறாது.

பக்கத்துக் கார் ஒரு லட்சம் மைலை நெருங்கிக்கொண்டிருந்தது. முன்பம்பர் முழுக்கக் கல் தெறித்த புள்ளிகள். உரிமையாளர் ஒரு தடித்த ஃபைலைக் கொண்டுவந்து பானெட் மேல் வைக்காமல், தரையில் துண்டு விரித்து அதன்மேல் வைத்துத் திறந்தார். முதல் பக்கத்தில் 1,200 மைலில் செய்ய வேண்டிய முதல் சர்வீஸின் பில். தொடர்ந்து ஒவ்வொரு ஆயில் மாற்றம், வால்வ் கிளியரன்ஸ் பார்த்த தேதி. இந்தத் தலைமுறை எம்3-களில் பின் ஆக்ஸில் பொருந்தும் இடத்தில் தரைத்தகடு விரிசல் விடும் குறை உண்டு. அங்கே வலுத்தகடு வைத்து வெல்டு செய்ததைப் படிப்படியாகக் காட்டும் போட்டோக்கள் இருந்தன. கடைசியில் ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் பை. உள்ளே கழற்றிய பழைய கனெக்டிங் ராடு பேரிங்குகள். மேல்பூச்சு தேய்ந்து ஓரத்தில் செம்பு தெரியத் தொடங்கியிருந்தது. இன்ஜினைப் பலிவாங்குவதற்கு முன்பே மாற்றியதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு ஸ்டார்ட் செய்து காட்டினார். இந்தக் காரின் டாக்கோமீட்டரைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள் உண்டு. ஆயில் குளிர்ந்திருக்கும்போது எரியும். சூடேற ஏற ஒவ்வொன்றாக அணைந்து, எத்தனை சுற்று வரை போகலாம் என்று அனுமதி தரும். கடைசி விளக்கு அணையும் வரை அவர் இன்ஜினை விரட்டவே இல்லை. அத்தனை ஆண்டுகளும் அப்படித்தானாம்.

இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று யாராவது சாவியை நீட்டியிருந்தால் நான் கல்லடி பட்ட காரைத்தான் எடுத்திருப்பேன். ஏலக்கூடத்தில் முதல் காருக்கே அதிக விலை விழும் என்பது தெரியும். இருந்தாலும் 110 கிலோ குறைக்க அந்த இன்ஜினீயர்கள் பட்ட பாடு வளைவில் திரும்புவதற்காக. நிற்கிற காருக்கு எடை குறைந்தால் என்ன, கூடினால் என்ன?

'சிங்கிள் ஓனர், கம்மியா ஓடின வண்டி' என்ற விளம்பரத்தில் மயங்கும் நம் வாசகர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. மீட்டர் ஒரு எண்ணைச் சொல்லும், காகிதங்கள் ஒரு வாழ்க்கையைச் சொல்லும். பிரிட்டனில் 3 வயது முடிந்த கார்கள் ஆண்டுதோறும் எம்ஓடி சோதனைக்குப் போக வேண்டும். அன்றைய மைலேஜும் கண்ட குறைகளும் பதிவாகி, வாங்க வருகிறவர் யாரும் பார்க்கும்படி இருக்கும். 2003-இல் வந்த சிஎஸ்எல்லின் கதையை 2006 முதல் வரிசையாகப் படித்துவிடலாம். எந்த ஆண்டு ஓடியது, எந்த ஆண்டு முடங்கியது என்பதெல்லாம் அதில் தெரியும். சாதாரண எம்3-க்கு சிஎஸ்எல் பம்பரும் டிக்கிக் கதவும் காற்றுப்பெட்டியும் மாட்டி வேஷம் கட்டிய கார்களும் உலாவுவதால், சேஸிஸ் நம்பரில் தொடங்கி ஒவ்வொரு தாளையும் சரிபார்ப்பதே அங்கே வழக்கம். நம் தெருவில் விலைக்கு வரும் பத்து வயது ஹேட்ச்பேக்குக்கும் இதே முறைதான் பொருந்தும். சர்வீஸ் பில் கேளுங்கள். டயரின் தேதியைப் படியுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய், உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

குறைந்த எண்ணிக்கையில் வந்தது என்பதால் மட்டும் ஒரு கார் உயர்ந்ததாகிவிடாது. 1,383 என்ற எண்ணுக்காக இதை வாங்கியவர்கள் விலை ஏறியதும் விற்றுவிட்டுப் போவார்கள். அந்தத் துளைவழியே காற்று போகும் சத்தத்துக்காக வாங்கியவர்கள்தான் பேரிங்கை நேரத்தில் மாற்றி, தகட்டை வெல்டு செய்து, இந்தக் காரை இன்னொரு தலைமுறைக்குக் கொண்டுசேர்ப்பார்கள். இவர்கள் எத்தனை காலம் வேண்டுமானாலும் சண்டை போட்டுக்கொள்ளட்டும். அந்தச் சண்டையில்தான் இந்தக் காரைப் பழுதுபார்க்கும் அறிவு கைமாறிக்கொண்டே இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் தடித்த ஃபைலோடு ஒரு பழைய வண்டி இருக்கக்கூடும். அதில் எதை மாற்றினீர்கள், எதை மாற்ற மறுத்தீர்கள், ஏன் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அந்தக் கடிதங்களுக்காகவே பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். எழுதுவதற்கு முன் ஒருமுறை வண்டியை வெளியே எடுத்து, நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்