கைகள் மட்டும் பேசுவதில்லை

கண்கள் பேசும் என்று கவிஞர் சொன்னால் கைதட்டுகிறோம். கண்ணையே காதாகக் கொண்டு வாழும் காது கேளாதோரின் சைகை மொழியையோ வெறும் கையசைப்பு என்று எண்ணிவிடுகிறோம். அதற்கும் இலக்கண அமைப்பு உண்டு என்பதை 1960-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர் வில்லியம் ஸ்டோக்கி எடுத்துக்காட்டினார். அந்த இலக்கணம் கையோடு நிற்பதில்லை, முகத்திலும் இருக்கிறது. புருவத்தின் அசைவு ஒரு கூற்றைக் கேள்வியாக்கும். தலையின் அசைவு அதையே மறுப்பாக்கும்.

2013-இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் நெல்சன் மண்டேலாவின் நினைவுக் கூட்டம் நடந்தது. உலகத் தலைவர்களின் அருகில் நின்று ஒருவர் கையசைத்தார். அது எந்த மொழியும் அல்ல என்று காது கேளாதோர்தாம் உரத்துச் சொன்னார்கள். அரங்கில் இருந்த மற்றவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

ஆகவே என் கருத்து இதுதான்: சைகை மொழிபெயர்ப்புப் பணியில் காது கேளாதோரே முன்வரிசையில் இருக்கவேண்டும். "கேட்காதவர் எப்படி மொழிபெயர்ப்பார்?" என்று சிலர் நகைக்கலாம். வழி உண்டு. காது கேட்கும் மொழிபெயர்ப்பாளர் பேச்சைச் சைகையில் தருவார்; அதைக் காது கேளாத மொழிபெயர்ப்பாளர் வாங்கி, எதிரில் இருப்பவரின் கண்ணுக்கு ஏற்றபடி மாற்றித் தருவார்.

"மூன்று வேளை, சாப்பிட்டபின்" என்கிறார் மருத்துவர். பள்ளிக்கே போகாத, முறையான சைகையும் கற்காத ஒருவருக்கு இதை எப்படிச் சொல்வது? சூரியன் எழுவதைக் கையால் காட்டலாம். உண்பதைக் காட்டி, பிறகு மாத்திரை விழுங்குவதைக் காட்டலாம். சூரியன் உச்சிக்கு வரும்போதும், சாயும்போதும் அவ்வாறே. சொல் படமாகிறது, படம் உயிரைக் காக்கிறது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவருக்கும் இதே உதவி வேண்டும்.

இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015-இல் புதுதில்லியில் உருவானது. அதன் அகராதி 2021-இல் 10,000 சொற்களை எட்டியது. மகிழ்ச்சி! ஆனால் அகராதி மட்டும் மருத்துவமனைக்கு வந்து பேசாது; பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். அந்தப் பயிற்சியையும் பதவியையும் ஊதியத்தையும் காது கேளாத இளைஞர்களுக்கு அரசு வழங்கவேண்டும்.

நம் கல்லூரி செய்யக்கூடியதும் உண்டு. விழா மேடையில் மொழிபெயர்ப்பாளரை ஓரத்து இருட்டில் நிறுத்தாமல், பேச்சாளரின் அருகில் நிறுத்துவோம். அவர் முகத்தில் வெளிச்சம் படட்டும். பின்னால் பூவேலைத் திரை வேண்டாம்; ஒரே நிறத் துணி போதும். காது கேளாத மாணவர் ஒருவரே அவையில் இருந்தாலும், அவருக்கு முன்வரிசையில் இடம் தருவோம். அதற்கு ஆகும் செலவு ஒரு விளக்கும் ஒரு நாற்காலியும்தானே!