அசல் எங்கே?

பாரம்பரியத்தில் கை வைக்காதே என்று முறைக்கிற ஆசாமியா நீங்கள்? ஜப்பானில் கவாகுச்சி ஏரிக்குப் போனால், ஃபுஜி மலையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். 1994-ல் திறந்த இட்சிகு குபோட்டா மியூசியத்துக்கும் போங்கள். வரிசையாகக் கிமோனோக்கள், ஒன்றில் விட்ட காட்சி அடுத்ததில் தொடர்கிறது. போட்டோ எடுக்க விடமாட்டார்கள், நல்லதுதான்.

குபோட்டா இருபது வயதில் டோக்கியோ மியூசியத்தில் ஒரு துண்டுத் துணியைப் பார்த்தார். ட்சுஜிகஹானா. துணியைத் தைத்து, இறுக்கிக் கட்டிச் சாயம் தோய்க்கிற வேலை. எடோ காலத் தொடக்கத்திலேயே வழக்கொழிந்துபோய், செய்முறை சொல்ல ஆளில்லை. நடுவில் யுத்தம், சைபீரியாவில் கைதி வாழ்க்கை. 1948-ல் ஊர் திரும்பி, நாற்பது வயதில் அதில் இறங்கினார். 1977-ல் முதல் கண்காட்சி வைத்தபோது வயது அறுபது!

அப்படியும் பழசை அச்சு அசலாகக் கொண்டுவரவில்லை. வேறு பட்டு, கெமிக்கல் சாயம். ஒளிக்கவுமில்லை, தன் பெயரையே முன்னால் போட்டு 'இட்சிகு ட்சுஜிகஹானா' என்றார். 'அசல் இல்லையே' என்று மூக்கைச் சுளிக்கிறீர்களா? சரி ஸ்வாமி, அசல் செத்துக் கிடந்த முந்நூறு வருஷமும் உங்களைப் போன்ற காவலர்கள் எங்கே போயிருந்தார்கள்?

எண்பது கிமோனோக்களில் ஒரே காட்சியாக விரிய வேண்டிய அவருடைய பெரிய வரிசை, 2003-ல் அவர் இறந்தபோது பாதியில் நின்றது.