கவியரங்க மணி: எங்கள் நிலைப்பாடு

கடந்த மாதம் கல்லூரிக் கவியரங்கில், மூளை முடக்குவாதம் உள்ள ஒரு மாணவியின் கவிதையை மூன்று நிமிட விதியைச் சொல்லி மணி அடித்து நிறுத்தியதை உறுப்பினர்கள் அறிவீர்கள், காணொலியையும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. விழாக் குழு அனுப்பிய விளக்கக் கடிதத்துக்கு மட்டும், மாற்றுத்திறனாளிகள் அமைப்பாகிய நாங்கள் பதில் சொல்கிறோம். "விதி எல்லோருக்கும் ஒன்றுதான்" என்கிறது கடிதம்.

எல்லோருக்குமா? கவியரங்கத் தலைவர் தலைமைக் கவிதையை இருபது நிமிடத்துக்கு மேல் வாசித்தார். வரவேற்புரை நீண்டது, பொன்னாடைகள் போர்த்தி முடிய இன்னும் நேரமானது. யாரும் மணி அடிக்கவில்லை. மூளை முடக்குவாதம் உள்ள மாணவி மைக்கைப் பிடித்ததும்தான் கடிகாரம் நினைவுக்கு வந்திருக்கிறது. (இந்த வாக்கியத்தை நீக்கலாம் என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். பெரும்பான்மையோர் சம்மதிக்கவில்லை.)

மூன்று நிமிட விதி என்ன செய்கிறது என்பதைப் பேசத் தடையில்லாதவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை. மற்றவர் மூன்று நிமிடத்தில் சொல்லும் கவிதைக்கு எங்களில் சிலருக்கு ஏழு நிமிடம் ஆகிறது. மூச்சு சேர வேண்டும், நாக்கு வளைய வேண்டும், 'ழ'கரமும் 'ற'கரமும் ஒவ்வொன்றாக வந்து சேர வேண்டும். அதனால் எழுதும்போதே வெட்டத் தொடங்குகிறோம். மெல்லின எழுத்துகள் உள்ள சொல்லாகத் தேடி, வராத சொல்லைத் தவிர்த்து, நான்காவது பத்தியை விட்டுவிட்டு மேடைக்கு வருகிறோம். நடுவர் கேட்பது நாங்கள் எழுத நினைத்த கவிதையை அல்ல; கடிகாரம் அனுமதித்த கவிதையை.

மணிச் சத்தம் அதைவிடக் கொடுமை. மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் பலருக்குத் திடீர் ஓசை கேட்டால் உடல் தானாகத் திடுக்கிட்டு விறைக்கும். தோள் ஏறும், தாடை இறுகும். மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நரம்பு செய்யும் வேலை. எச்சரிக்கை மணி அடித்த நொடியில் அந்த மாணவியின் வாய் மூடிக்கொண்டது. மறுபடி திறப்பதற்குள் இறுதி மணி. திக்குவாய் உள்ளவர்களுக்கும் நேர நெருக்கடி ஏற ஏறச் சொல் கூடுதலாக அடைபடும். நினைவூட்டுவதற்காக அடித்தோம் என்கிறார்கள். வாயை அடைத்தீர்கள் என்கிறோம்.

இந்த வாயடைப்பு கல்லூரியில் தொடங்குவதல்ல. பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்தில் திருக்குறள் சொல்ல எங்களைக் கூப்பிட மாட்டார்கள். 'பிள்ளை சிரமப்படும்' என்பார்கள். ஒப்புவித்தல் போட்டிக்குப் பெயர் கொடுத்தால் ஓவியப் போட்டிக்கு மாற்றிவிடுவார்கள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு கடந்து, மொட்டைமாடியிலும் கழிவறையிலும் சொல்லிப் பழகித்தான் எங்கள் இளையவர்கள் மேடைக்கு வருகிறார்கள்.

எழுத்துத் தேர்வில் மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடு நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் சொன்னது. அது கவியரங்குக்கு நேரடியாகப் பொருந்தும் என்று நாங்கள் வாதிடவில்லை, பொருந்தினாலும் போதாது. அந்தக் கணக்குப்படி மூன்று நிமிடம் நான்காகும், அவ்வளவுதான். எங்கள் கோரிக்கை வேறு: நிமிடத்தை விட்டுவிட்டு வரியை எண்ணுங்கள். 24 வரி என்றால் எவருக்கும் 24 வரி. எவ்வளவு நேரத்தில் சொன்னாலும் சரி. எல்லோருக்கும் இதே அளவு வேண்டும் என்பது செயற்குழுவில் பெரும்பாலோர் கருத்து. முதற்கட்டமாக, இந்த அளவைக் கோரும் கவிஞர்களுக்காவது நடைமுறைப்படுத்துவது பரிசீலிக்கத்தக்கது என்று ஒருமனதாக ஏற்றுள்ளோம்.

மேடைக்குச் சாய்தளமும் உயரம் மாற்றக்கூடிய மைக்கும் சைகைமொழி பெயர்ப்பாளரும் தேவை. இதை இன்னும் கேட்க வேண்டியிருப்பதே வெட்கம். உச்சரிப்புக்கும் குரல் வளத்துக்கும் தனி மதிப்பெண் ஒதுக்குவதை மறுஆய்வு செய்ய வேண்டும். 'மாற்றுத்திறனாளிகள் சிறப்புப் பிரிவு' பற்றி எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லாததால் இப்போதைக்கு நிலைப்பாடு எடுக்கவில்லை. ஆனால் கவிதையைக் கேட்காமலே தரும் 'தன்னம்பிக்கை விருது' வேண்டாம். இதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை காட்டினால்தான் ஏற்பாடு என்பதும் சரியல்ல. திக்குவாய் உள்ள பலரிடம் அட்டையே இல்லை. தேர்வில் எழுத்தர் உதவி பெற 40 விழுக்காடு ஊனம் கட்டாயமல்ல என்று 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேவையான நியாயமான ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடே என்பது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் வரையறை.

மறுகுரல் கொடுக்க, அதாவது கவிஞர் சொல்லும் வரியை அருகில் நின்று ஒருவர் திருப்பிச் சொல்ல, அனுமதி கேட்டிருந்தோம். "கவிஞரின் சொந்தக் குரல்தான் கவியரங்கம்" என்று மறுத்தார்கள். அதே விழாவின் தொடக்கவுரையில் இரட்டைப் புலவர் புகழ் பாடப்பட்டது. கால் நடவாத ஒருவர் தொடங்கிய வெண்பாவைக் கண் தெரியாத மற்றவர் முடித்துப் பாடியதாகத்தானே அவர்களைப் பற்றிச் சொல்கிறோம்? அன்று இரண்டு குரலில் ஒரு பாட்டு இருக்கலாம், இன்று இருக்கக் கூடாதா? அந்தகக்கவி வீரராகவ முதலியார் உங்கள் மேடைக்கு வந்தால் அவருக்கும் மணி அடிப்பீர்களா?

விழாக் குழுவினர் பலர் எங்கள் நண்பர்கள். பேச்சுவார்த்தைக் கதவை மூடவில்லை. அடுத்த சுற்றுக்கான பதிவு தொடங்குமுன் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். அதுவரை அவ்விழாவுக்கு நடுவராக எங்கள் உறுப்பினர் எவரும் செல்ல மாட்டார்கள். போட்டியிடுவது இளையவர்களின் சொந்த முடிவு, தடுக்க மாட்டோம். போகிறவர்கள் முழுக் கவிதையையும் கொண்டுபோங்கள், நான்காவது பத்தியோடு.