சான்றிதழுக்குப் பிறகு என்ன?

சில வாரங்களுக்கு முன் எங்கள் பள்ளிக்குச் சிறு வணிகப் பயிற்சி பற்றிய அறிவிப்பு ஒன்று வந்தது. மாணவர்களிடம் கொடுத்தனுப்பினோம். மறுநாள் பள்ளி வாசலில் ஒரு தாயார் என்னை நிறுத்தினார். வீட்டில் முறுக்கு சுட்டு விற்பவர். "டீச்சர், இது எங்கள மாதிரி ஆளுங்களுக்கா, கடை வெச்சிருக்கவங்களுக்கா?" என்றார்.

அறிவிப்பை மீண்டும் படித்தேன். 'அனைவரும் வரலாம்' என்றுதான் இருந்தது. ஆனால் முழுவதும் மலாயில். வேலைநாள் காலை ஒன்பது மணிக்கு. நகரத்துத் தங்கும் விடுதியில். வணிகப் பதிவுச் சான்றின் நகலும் வேண்டுமாம். அவருக்கு என்ன விடை சொல்வது?

நம் நாட்டில் வாய்ப்பே இல்லை என்று நான் கூறமாட்டேன். ஏழைக் குடும்பங்களுக்குச் சிறுகடன் வழங்கும் அமானா இக்தியார் மலேசியா 1987இலேயே தொடங்கப்பட்டது. இந்தியச் சிறு வணிகர்களுக்கெனத் தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடனுதவித் திட்டமும் வந்தது. பயிற்சி முடிந்து, சான்றிதழோடு படம் எடுத்துக்கொண்டு ஈராண்டு கழிந்தபின் அந்தத் தாயின் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதே என் கவலை.

இதைச் சிலர் அளந்தே பார்த்திருக்கிறார்கள். டொமினிக்கன் குடியரசில் சிறு வணிகர்களிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு முறையான கணக்கியல் கற்பித்தனர். மற்றவர்களுக்கு, வீட்டுப் பணத்தையும் வணிகப் பணத்தையும் தனித்தனியே வைத்தல் போன்ற எளிய நடைமுறைகளை மட்டும் சொல்லிக் கொடுத்தனர். பயன் தந்தது இரண்டாவதே. ஆப்பிரிக்காவின் டோகோவில் 1,500 சிறு வணிகர்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. தாமே முன்வந்து செயல்படும் மனப்பாங்கில் பயிற்சி பெற்றோரின் இலாபம் ஈராண்டுக் காலத்தில் 30 விழுக்காடு உயர்ந்தது. வழக்கமான வணிகப் பாடம் படித்தோருக்குக் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை.

ஆசிரியர்களாகிய நமக்கு இது வியப்பளிக்கக் கூடாது. மாணவனுக்கு எட்டாத பாடத்தை நடத்திவிட்டு, 'முடிந்தது' என்று பதிவேட்டில் எழுதும் பழக்கம் நமக்கும் உண்டல்லவா!

ஆகவே, சனிக்கிழமைக் கூடுதல் வகுப்பு நடக்கும் இரண்டு மணி நேரம், பிள்ளைகளை விட்டுவிட்டுக் காத்திருக்கும் தாய்மார்களுக்குப் பக்கத்து அறையில் தமிழிலேயே பயிற்சி நடத்தலாம் என்கிறேன். மூன்று மாதம் கழித்து அதே தாய்மார்களை மீண்டும் அழைத்துக் கேட்கவும் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை முன்வைக்கவிருக்கிறேன். "இது பள்ளிக்கூடத்தின் வேலையா?" என்று சிலர் கேட்பார்கள். வீட்டு வருமானம் தடுமாறும்போது முதலில் நின்றுபோவது பிள்ளையின் வருகைதான் என்பதை வகுப்பாசிரியர் எவரும் அறிவர்.

முறுக்குக்கார அம்மாவிடம் அன்று நான் சொன்னது ஒன்றே: "ரெண்டு மைலோ டின் வைங்க, ஒன்னு வீட்டுக்கு, ஒன்னு வியாபாரத்துக்கு." போன வாரம் பார்த்தேன். பள்ளிப் பேருந்துக் கட்டணத்திற்காக வியாபார டின்னில் கை வைத்துவிட்டாராம். ஆனால் எடுத்த தொகையை ஒரு தாளில் எழ்தி டின்னுக்குள்ளேயே போட்டிருக்கிறார்.