சைக்கிளுக்கு மோட்டார் சரி, மீன்பாடி வண்டிக்கு?

சென்னை,

மிதித்து மிதித்துக் களைத்த கால்களுக்கு நல்ல சேதி வந்திருக்கிறது. கூடவே ஒரு வம்பும் வந்திருக்கிறது.

பழைய சைக்கிளிலேயே மாட்டிக்கொள்ளும் எலெக்ட்ரிக் மோட்டார் ‘கிட்’ இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு மோட்டார், கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலர், பேட்டரி, கையில் முறுக்கும் ஆக்சிலேட்டர், பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச். இவ்வளவுதான் சரக்கு. கைதேர்ந்த மெக்கானிக் அரை நாளில் மாட்டி முடித்துவிடுவார்.

ஆபீஸ் போகும் குமாஸ்தாவுக்கு இதில் ஆசை. வீட்டுக்கு வீடு சாமான் அனுப்பும் மளிகைக்கடைக்காரருக்கும் ஆசை. வால்டாக்ஸ் ரோட்டில் லோடு இழுக்கும் மீன்பாடி வண்டிக்காரருக்கு எல்லோரையும் விட அதிக ஆசை. மூன்று பேரும் கேட்பது ஒரே கேள்விதான்.

“மோட்டார் போட்டா போலீஸ் பிடிக்குமா?”

கேள்வி ஒன்றுதான். பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அங்கேதான் சிக்கல்.

காசுக் கணக்கு

முதலில் லாபத்தைப் பார்ப்போம்.

36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் அதில் அடங்குவது 360 வாட்-ஹவர். சார்ஜ் போடும்போது வீணாவதைச் சேர்த்தாலும் அரை யூனிட் கரண்ட் போதும். கொஞ்சம் மிதித்துக்கொண்டும் போனால், மேடு பள்ளம் அதிகம் இல்லாத நம்ம ஊர் ரோட்டில் 25, 30 கிலோ மீட்டர் ஓடும். குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்குப் போய்த் திரும்பலாம். 2021-ல் சென்னையில் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிப் பயமுறுத்தியது பெட்ரோல். அதோடு ஒப்பிட்டால் இது கொசுறுக் காசு.

ஆனால் பேட்டரி சாசுவதம் அல்ல. விலை குறைவான லெட்-ஆசிட் பேட்டரி தினசரி ஓட்டத்தில் ஓரிரு வருஷம் தாங்கினால் பெரிது. எடையும் 12 கிலோ அளவுக்கு வரும். லித்தியம் பேட்டரி 3 கிலோவுக்குள் அடங்கிவிடும், ஆயுளும் அதிகம். விலையும் அதிகம். கரண்ட் செலவை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள், பேட்டரி மாற்றும் நாளில் தலையில் கை வைக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கு ஒரு சலுகை உண்டு. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டருக்குள் இருக்க வேண்டும். பேட்டரி நீங்கலாக வண்டி எடை 60 கிலோவைத் தாண்டக்கூடாது. சரியான பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ஒளிவில்லைகளும் வேண்டும். இத்தனையும் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. நம்பர் பிளேட் வேண்டாம். லைசென்ஸ் வேண்டாம். இன்சூரன்ஸ் வேண்டாம்.

கடைகளில் சொல்வது இதுவரைக்கும்தான். இது முக்கால் உண்மை. மீதிக் காலும் அதே விதியில் இருக்கிறது. பூனாவில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் பார்த்துச் சான்று கொடுத்திருக்க வேண்டும் என்பதே அது.

கம்பெனியில் முழுசாகத் தயாராகி வரும் எலெக்ட்ரிக் சைக்கிளுக்கு அந்தச் சான்றைக் கம்பெனியே வாங்கிவிடும். மூலைக்கடையில் மோட்டார் மாட்டிய உங்கள் பழைய சைக்கிளுக்கு யார் வாங்குவது? 250 வாட்டுக்குள் இருக்கும் சாது சைக்கிளை ரோட்டில் யாரும் தொந்தரவு செய்வதில்லை என்பது வேறு விஷயம். கண்டுகொள்ளாமல் விடுவது ஒன்று, அனுமதி கொடுப்பது வேறு. ஒரு விபத்து நடக்கும் அன்றுதான் இந்த வித்தியாசம் உறைக்கும்.

250 வாட் எந்த மூலைக்கு?

சைக்கிள்காரர் இப்படியாவது தப்பிக்கலாம். லோடு வண்டிக்காரர் பாடு திண்டாட்டம்.

வண்டி, ஆள், சரக்கு மூன்றும் சேர்த்து 300 கிலோ என்று வையுங்கள். 20 அடிக்கு ஓரடி உயரும் பாலத்தில் ஏற வேண்டும். 250 வாட் மோட்டாரும் இழுத்து, ஆளும் மூச்சுப் பிடித்து மிதித்தால், வேகம் மணிக்கு 5 கிலோ மீட்டரைத்தான் எட்டும். அதாவது நடை வேகம். மோட்டாரோ சூடேறிப் புகைய ஆரம்பிக்கும்.

அதனால் 500 வாட், 750 வாட், 1000 வாட் என்று போகிறார்கள். அந்த நிமிஷமே வண்டி சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. அதற்கு முன்பே எடை உதைக்கிறது. இரும்புச் சட்டம் போட்ட லோடு வண்டி பெரும்பாலும் 60 கிலோவைத் தாண்டியது. ஆக, எவ்வளவு சின்ன மோட்டார் போட்டாலும் சலுகை கிடையாது.

பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5000 ரூபாய். இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2000 ரூபாய். அன்றாடங்காய்ச்சிக்கு இது எத்தனை நாள் கூலி? யார் மேலாவது மோதிவிட்டால் நஷ்டஈடு முழுவதும் ஓட்டியவர் தலையிலும் வண்டிச் சொந்தக்காரர் தலையிலும் விடியும். நாள் வாடகைக்கு வண்டி விடுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

பழைய ஸ்கூட்டர் என்ஜினைக் கழற்றிப் பொருத்திய மீன்பாடி வண்டிகளைப் போலீசார் பறிமுதல் செய்யும் கதை சென்னைக்குப் பழசு. புகை இல்லை, சத்தம் இல்லை என்பதற்காக எலெக்ட்ரிக் மோட்டாருக்குச் சட்டம் தனிக் கண் வைத்துப் பார்க்காது.

டெல்லி காட்டிய வழி

டெல்லியில் பேட்டரி ரிக்ஷாக்கள் பதிவே இல்லாமல் ஆயிரக்கணக்கில் ஓடின. 2014 ஜூலையில் அங்கே ஐகோர்ட்டு தடை போட்டது. பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பு நின்றது. எதிர்ப்பு கிளம்பியது. அதே வருஷம் அக்டோபரில் மத்திய அரசு விதிகளைக் கொண்டுவந்தது. 2015-ல் மோட்டார் வாகனச் சட்டமே திருத்தப்பட்டது. ஆள் ஏற்றும் ‘இ-ரிக்ஷா’, சரக்கு ஏற்றும் ‘இ-கார்ட்’ என்று இரண்டு புது இனங்கள் பிறந்தன. 310 கிலோ வரை சரக்கு ஏற்ற வழி பிறந்தது.

வழி பிறந்தது கம்பெனி வண்டிக்கு. அதன் விலை லட்ச ரூபாய்க் கணக்கு. இருக்கிற வண்டியில் மோட்டார் மாட்டிக்கொள்ள நினைக்கும் ஏழைக்கு அந்தக் கதவு இன்னும் எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது.

1973-ல் கை ரிக்ஷாவை ஒழித்த மாநிலம் இது. மனிதனை மனிதன் இழுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, கையோடு சைக்கிள் ரிக்ஷாவும் கொடுத்தார்கள். தடையும் மாற்றும் ஒன்றாக வந்ததால்தான் அது வெற்றி பெற்றது. அந்த முறை இப்போதும் பொருந்தும். சங்கம் மூலம் ஒரு மாதிரி வண்டியைச் சோதித்து, இன்ன பிரேக், இன்ன மோட்டார், இன்ன பேட்டரி என்று நிர்ணயித்து, அதே அளவில் மாட்டும் வண்டிகளுக்கு நம்பரும் இன்சூரன்சும் கொடுத்தால் என்ன? போலீசாருக்கும் துரத்தும் வேலை மிச்சம்.

பிரேக்கைப் பாருங்கள்

சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாதவர்கள், குறைந்தபட்சம் உயிரைக் காத்துக்கொள்ளட்டும்.

* வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நாலு மடங்காகும். 12 கிலோ மீட்டர் வேகத்துக்குச் செய்த பிரேக், 25-க்குத் தாங்காது. மோட்டாருக்கு முன் பிரேக்கை மாற்றுங்கள்.

* சக்கரத்துக்குள் மோட்டார் வைத்த கிட் என்றால், அச்சு தானே சுழன்று போர்க்கை விட்டுக் கழன்று வரப் பார்க்கும். அச்சைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டை இல்லாமல் மாட்டவே கூடாது.

* பேட்டரியைப் படுக்கை அறையிலும் வாசற்படியை மறித்தும் சார்ஜ் போடாதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் பைக் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் சிக்கி இறந்தார்கள். அந்த வருஷம் டிசம்பர் முதல் கம்பெனி வண்டிகளின் பேட்டரிக்குச் சோதனை விதிகள் இறுக்கப்பட்டன. பெயர் இல்லாத கிட் பேட்டரிக்கு அந்த உத்தரவாதம் ஏது? அதற்கென்று கொடுத்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் செருக வேண்டாம்.

* எத்தனை வாட் மோட்டார் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். நாளைக்குக் கேள்வி வந்தால் அந்தச் சீட்டுதான் பேசும்.

குமாஸ்தாவின் சைக்கிளுக்குச் சட்டம் பாதிக் கதவையாவது திறந்து வைத்திருக்கிறது. மூட்டை இழுப்பவருக்கு அதுவும் இல்லை. மோட்டார் யாருக்கு அதிகம் தேவையோ, அவருக்குத்தான் வழி அடைபட்டிருக்கிறது. அதைத் திறக்க வேண்டியது கோட்டையும் டெல்லியும்தான்.