பனியைப் பழித்துப் பயனில்லை

மார்கழி பிறந்துவிட்டால் கடலூர், சிதம்பரம் வட்டாரக் கிராமங்களில் விடியற்காலையில் தவறாமல் கேட்கும் சத்தம் ஒன்று உண்டு. கிளம்ப மறுக்கும் டீசல் வண்டியின் செல்ப் சத்தம்தான் அது. கத்தரிக்காயும் கீரையும் பூவும் ஏற்றியாயிற்று. சந்தை கூடும் நேரமும் நெருங்கிவிட்டது. வண்டியோ முரண்டு பிடிக்கிறது. "பனிக்கு வண்டி பிடிக்க மாட்டேங்குது" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறோம். இந்தப் பழி பெரும்பாலும் பொய்ப்பழி என்பதும், அதனால் சிறு விவசாயியின் பணம் வீணாகிறது என்பதும் என் கருத்து.

நான் பட்டதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம், கத்தரிக்காய் ஏற்றிய பிக்கப் வண்டி நான்கு மணிக்குக் கிளம்பவில்லை. வேறு வண்டியை அழைத்து, மூட்டைகளை மாற்றி ஏற்றி, கடலூர் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி. காலை விலையில் பாதிகூடக் கிடைக்கவில்லை. பட்டறையில் "பனிதான், ஹீட்டர் பிளக் போய்விட்டது" என்றார்கள். நான்கு பிளக்குகளையும் மாற்றி, டீசல் லைனில் ஏர் எடுத்தார்கள், வண்டி கிளம்பியது. மூன்றாம் நாள் மீண்டும் அதே கதை. இன்னொரு மெக்கானிக் வந்து டீசல் பில்டரின் அடித் திருகைத் திறந்தார். அரை டம்ளர் தண்ணீர் இறங்கியது. அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிட்டது. கழற்றிப் போட்ட பழைய பிளக்குகளைப் பிறகு சோதித்தால் நான்கும் நன்றாகவே இருந்தன!

ஹீட்டர் பிளக் எதற்கு?

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் இல்லை. சிலிண்டருக்குள் காற்றை இறுக்கி அழுத்தும்போது அது ஐந்நூறு டிகிரிக்கும் மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் இரும்புச் சுவர் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். அதை ஈடுகட்டவே ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக். சாவியைத் திருப்பியதும் சில நொடிகளில் அதன் முனை நெருப்பாய்ப் பழுக்கிறது. டாஷ்போர்டில் சுருள்கம்பி போல் எரியும் மஞ்சள் விளக்கு அதற்கான அடையாளம். விளக்கு அணைந்த பிறகே செல்ப் அடிக்க வேண்டும். அவசரத்தில் நம்மில் பலர் இதைச் செய்வதில்லை.

எல்லா எஞ்சினுக்கும் இந்தத் தேவை ஒன்றல்ல. 2005இல் வந்த முதல் டாடா ஏஸ் போல, சிறு முன்னறையில் டீசலைப் பீய்ச்சும் எஞ்சின்களில் சூடு அதிகம் விரயமாகும். அவற்றுக்கு ஹீட்டர் மிக அவசியம். சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பீய்ச்சும் எஞ்சின்கள் நம் ஊர்ப் பனியில் பிளக்கின் உதவி இல்லாமலேகூடப் பெரும்பாலும் கிளம்பிவிடும்.

நம் குளிர் ஒரு குளிரா?

லடாக்கில் குளிர்காலத்தில் சாதாரண டீசல் மெழுகாய் உறைந்துவிடும். அதற்காகவே 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை அங்கே அறிமுகப்படுத்தியது. நம் கடலோரத்திலோ மார்கழி, தை அதிகாலையிலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். இந்தக் குளிரில் டீசல் உறையாது. நல்ல நிலையில் உள்ள எஞ்சின் கிளம்பத்தான் வேண்டும். கிளம்பாவிட்டால் பனி புதிதாக ஒரு நோயைக் கொண்டுவரவில்லை; இருந்த நோயைக் காட்டிக்கொடுக்கிறது.

நோயைக் கண்டுபிடிக்க மூன்று அடையாளங்கள் போதும்.

செல்ப் இழுக்காமல் 'கடக் கடக்' என்கிறது, விளக்கு மங்குகிறது என்றால் பேட்டரியைப் பாருங்கள். உப்புக்காற்று வீசும் ஊர்களில் பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து நிற்கும். கழற்றி வெந்நீரில் கழுவி, துடைத்து, கிரீஸ் தடவி முடுக்குங்கள். நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது.

செல்ப் நன்றாக இழுக்கிறது, ஆனால் புகைக்குழாயில் புகையே இல்லை என்றால் எஞ்சினுக்கு டீசல் போகவில்லை. பில்டர் அடைப்பு, தண்ணீர், ஏர் லாக் ஆகியவற்றில் ஒன்று. என் வண்டியில் இருந்த குறை இதுதான்; அன்று புகைக்குழாயைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பாதி காலியான டேங்கில் இரவுப் பனியின் ஈரம் நீராகி அடியில் தங்கும். ஆகவே இரவில் டேங்கை நிரப்பி வைப்பது நல்லது. 2011 தானே புயல், 2015 பெருமழை, 2024 தென்பெண்ணை வெள்ளம் என்று தண்ணீரைக் கண்டுகொண்டே இருக்கும் மாவட்டம் நம்முடையது. வெள்ளத்தில் நின்ற வண்டியின் டேங்கையும் பில்டரையும் சோதிக்காமல் செல்ப் அடிக்கவே கூடாது.

செல்ப் இழுக்கிறது, வெண்புகையும் தள்ளுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் டீசல் வருகிறது, சூடு போதவில்லை என்று பொருள். இப்போதுதான் ஹீட்டர் பிளக் பக்கம் போக வேண்டும். முதலில் பியூஸ், ரிலே. பிறகு ஒவ்வொரு பிளக்காகச் சோதனை. கெட்டதை மட்டும் மாற்றினால் போதும். பிளக்குகள் நன்றாக இருந்தும் இதே நிலை என்றால் எஞ்சினில் அழுத்தம் குறைந்திருக்கலாம்.

கூடாத வைத்தியங்கள்

எண்ணெய்த் துணியைக் கொளுத்திக் காற்றுக்குழாயில் காட்டுவது, பழைய கைச்சுற்று பம்புசெட்டோடு வந்த பழக்கம். இன்றைய வண்டியில் காகித ஏர் பில்டர் இருக்கிறது, டர்போவும் இருக்கலாம். தீப்பற்றினால் வண்டியே போய்விடும். ஈதர் ஸ்பிரே அடிப்பது இன்னும் மோசம். பழுத்த ஹீட்டர் முனையில் அது பட்டால் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து, பிஸ்டனை உடைத்துவிடும். செல்ப்பையும் பத்து நொடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்காதீர்கள். அரை நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள்.

இவற்றை அறிய பெரிய படிப்பு தேவையில்லை. சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் தேவை. வண்டி விற்பவர்கள் சாவியோடு மாலையும் போட்டுப் படம் எடுக்கிறார்கள். கூடவே பில்டர் தண்ணீரை எப்படி இறக்குவது என்று தமிழில் ஒரு தாள் அச்சிட்டுக் கொடுத்து, ஒருமுறை செய்தும் காட்டட்டும். விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மையும் பொறியியலும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. ஐப்பசியில் ஒருநாள் எஞ்சின் பராமரிப்புப் பயிற்சி வைத்தால், மார்கழியில் எத்தனையோ மூட்டைகள் நேரத்துக்குச் சந்தை சேரும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாளை காலை வண்டி கிளம்பாவிட்டால் வானத்தைப் பார்க்காதீர்கள். முதலில் புகைக்குழாயைப் பாருங்கள்.